ஐந்து வரிசை, ஒரே வெளிச்சம்

கொல்கத்தாவின் பழைய பூஜைக் கூடங்களில் ஒரு குடும்பத்தையே ஒரு படத்துக்குள் கொண்டுவருவது ஆண்டுக்கொரு முறை நடக்கும் போராட்டம். இருட்டோடும், உறவுகளோடும்.

வட கொல்கத்தாவின் பழைய வீடுகளில் அஷ்டமி காலை புஷ்பாஞ்சலி முடிந்ததும் கிடைக்கும் அவகாசம் கால் மணி நேரம்தான். அதற்குள் நாற்பது, ஐம்பது பேரை நிறுத்தி, உட்கார வைத்து, குழந்தைகளைப் பிடித்துப் படம் எடுத்துவிட வேண்டும். பெங்களூரிலிருந்து வந்த பேரன் மறுநாள் கிளம்புகிறான். அமெரிக்காவிலிருந்து வந்த மகளுக்குத் தசமி இரவு விமானம். நடு நாற்காலியில் இருப்பவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. அடுத்த பூஜைக்கு அவர் இருப்பாரா என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் படத்துக்கான அவசரமே அங்கிருந்துதான் வருகிறது.

எடுக்கும் இடமோ போட்டோகிராபரின் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே கட்டியது போலிருக்கும். டாகுர் தாலான் எனப்படும் பூஜைக் கூடம் முற்றத்திலிருந்து சில படிகள் உயரத்தில் இருக்கிறது. முகப்பில் மூன்று அல்லது ஐந்து வளைவுகள், கனத்த தூண்கள், உள்ளே, ஒரே சட்டத்துக்குள் பிள்ளைகளோடு நிற்கும் துர்கை. ஷோபாபஜார் அரண்மனையில் நவகிருஷ்ண தேவ் 1757-ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பூஜைக்குப் பிறகு, வசதி வந்த குடும்பங்கள் எல்லாம் இப்படி ஒரு கூடத்தைக் கட்டிக்கொள்வதைக் கௌரவமாக நினைத்தன. சாயங்கால விளக்கில் அம்மன் ஜொலிப்பதற்காகக் கட்டியவர்களுக்கு, அந்த இருட்டில் ஒரு நாள் ஐம்பது முகங்கள் தெளிவாகத் தெரிய வேண்டியிருக்கும் என்று தோன்றியிருக்க நியாயமில்லை.

ஒரே ஒரு சௌகரியம் உண்டு. படிகள். ஆட்களை வரிசை வரிசையாக ஏற்றி நிறுத்த இதைவிட நல்ல மேடை கிடையாது. ஆனால் அந்தப் படிகளில்தான் சிக்கலும் தொடங்குகிறது. கீழ்ப்படியில் இருப்பவர்கள் மீது முற்றத்தின் வெளிச்சம் விழுகிறது. மேல் வரிசை வளைவின் நிழலுக்குள் போய்விடுகிறது. உள்ளே இருக்கும் அம்மன் கிட்டத்தட்ட இருட்டில். பல வீடுகளில் பூஜைக்காக முற்றத்தின் மேல் துணிப் பந்தல் வேறு போட்டுவிடுகிறார்கள். துணி மஞ்சளென்றால் முகங்களும் மஞ்சள், சிவப்பென்றால் சிவப்பு.

கண்ணுக்கு இது தெரியாது. கண் ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சரிசெய்துகொள்கிறது. கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. இத்தகைய கூடத்தின் உட்பகுதியில் 400 ஏஎஸ்ஏ பிலிம் போட்டு, ஐந்து வரிசையும் துல்லியமாக விழுவதற்காக லென்ஸை எஃப்/8-க்குச் சுருக்கினால், ஷட்டர் அரை வினாடி திறந்திருக்க வேண்டிவரும். அரை வினாடி ஆடாமல் இருக்கத் தூண்களால் முடியும். நான்கு வயதுப் பையனால் முடியாது.

சரி, பிளாஷ் அடித்துவிடலாமே? எல்லாக் குடும்பத்திலும் ஒரு மருமகன் இப்படித்தான் கேட்பார். கேமராவின் தலையில் செருகிய சிறிய பிளாஷ் செய்யும் காரியத்தை அந்த வீட்டின் பழைய ஆல்பத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். முன் வரிசைக்காரர்கள் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருப்பார்கள். கடைசி வரிசையில் கண்ணாடிகளும் பற்களும் மட்டும் மின்னும்.

காரணம் எளிய கணக்கு. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாகாது, கால் பங்காகிவிடும். விளக்கிலிருந்து முன் வரிசை 3 மீட்டர், கடைசி வரிசை 6 மீட்டர் என்றால், தாத்தாவுக்குக் கிடைப்பதில் நான்கில் ஒரு பங்குதான் கடைசிப் பேரனுக்கு. அதே விளக்கைப் பின்னுக்கு இழுத்து 8 மீட்டரில் வைத்தால், கடைசி வரிசை 11 மீட்டரில். இப்போது வித்தியாசம் இரண்டு மடங்குக்கும் சற்றுக் குறைவு. முகங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்துவிடுகின்றன. அனுபவசாலிகள் முற்றத்தின் எதிர்க்கோடிக்கு, முடிந்தால் எதிர்மாடி வராந்தாவுக்கே, விளக்கைக் கொண்டுபோவது இதற்காகத்தான். அங்கிருந்து கடைசி வரிசையைக் குறிவைத்துத் திருப்புகிறார்கள். முன் வரிசைக்கு வெளிச்சத்தின் ஓரம் மட்டும் விழும், அது போதும்.

பின்னால் போவதற்கு விலை உண்டு. வழிகாட்டி எண் 40 உள்ள ஒரு பிளாஷ், 100 ஏஎஸ்ஏ-யில் எஃப்/8 வைத்தால் 5 மீட்டர்தான் எட்டும். 400-க்குப் போனால் 10 மீட்டர். அதற்கும் மேல் வேண்டுமென்றால் ஸ்டூடியோக்களில் வைத்திருக்கும் பெரிய விளக்குகள் வேண்டும். அந்த விளக்குகளுக்கு மின்சாரம் வேண்டும். பழைய வீட்டு ஒயரிங்கை நம்பி ஆயிரம் வாட் ஹாலஜன்கள் இரண்டை ஒரே சாக்கெட்டில் செருகினால் 230 வோல்ட்டில் எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சாக்கெட்டோ 5 ஆம்பியர். பியூஸ் போய், பூஜைக்கூட விளக்குகளும் அணைந்து, புரோகிதர் முறைத்த கதைகளுக்குப் பஞ்சமில்லை. எலெக்ட்ரானிக் பிளாஷ் இந்த வகையில் சாது. சிறிது சிறிதாக மின்சாரத்தைச் சேர்த்து வைத்து ஒரே நொடியில் கொட்டிவிடுகிறது.

வெளிச்சத்தை எங்கே வைப்பது என்பதில் இன்னொரு பொறி இருக்கிறது. கல்யாண வீட்டுப் பழக்கத்தில் இரு பக்கமும் ஒவ்வொரு விளக்கை வைப்பவர்கள் உண்டு. நாலைந்து பேருக்கு அது அழகு. நாற்பது பேருக்கு அது விபத்து. ஒருவர் தலையின் நிழல் அடுத்தவர் கன்னத்தில் விழும். சித்தப்பாவின் முகத்தில் பெரியப்பாவின் மூக்கு. கூட்டம் பெரிதாக ஆக, விளக்குகள் கேமராவை நெருங்கி வர வேண்டும், உயரத்தில் ஏற வேண்டும். உயரத்துக்கு வேறொரு பலனும் உண்டு. அம்மனின் 'டாக்' அலங்காரம், அதாவது வெள்ளித் தகட்டு வேலைப்பாடு, நேராக வரும் பிளாஷை அப்படியே லென்ஸுக்குத் திருப்பி அடிக்கும். மேலிருந்து வரும் ஒளி கீழே சிதறிவிடும். தாத்தாவின் மூக்குக்கண்ணாடிக்கும் இதே வைத்தியம்தான்.

பிளாஷைக் கூரையில் அடித்துத் திருப்புவது இன்னொரு பழைய தந்திரம். வெள்ளை அடித்த தாழ்ந்த கூரையென்றால் அருமை. இங்கே கூரை எங்கோ உயரத்தில், மர உத்திரங்களோடு கருத்துக் கிடக்கிறது. போன வெளிச்சம் திரும்புவதில்லை.

அதற்கான பதிலை இதே நகரம் ஒரு முறை கண்டுபிடித்தது. 1956-ல் வெளியான சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வுக்காகக் காசி வீடு ஒன்றின் முற்றத்தை மழைக்குப் பயந்து ஸ்டூடியோவுக்குள் கட்டினார் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா. மேலே வானத்திலிருந்து நிழலே இல்லாமல் இறங்கும் அந்த வெளிச்சத்தை ஸ்டூடியோ விளக்குகளால் கொண்டுவர முடியாது என்று வாதாடினார் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா. வாதம் எடுபடவில்லை. கடைசியில் செட்டின் மேல் வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன் மேல் அடித்துத் திருப்பினார். படம் பார்த்தவர்களுக்கு அது நிஜ முற்றமாகவே இருந்தது. மித்ராவுக்கு அப்போது இருபத்தைந்து வயதுதான் இருக்கும். வீட்டுப் படமெடுப்பவர் இன்று செய்வதும் இதன் ஏழை வடிவமே. இரண்டு மாடி வராந்தாக்களுக்கு நடுவே வெள்ளைப் படுக்கை விரிப்புகளைக் கட்டி, அவற்றில் பிளாஷை அடிக்கிறார். மஞ்சள் பந்தலின் சாயமும் மறைந்துவிடுகிறது.

இதெல்லாம் வருவதற்கு முன்? வெளியே போய்விடுவார்கள். 19-ம் நூற்றாண்டுப் பிளேட்டுகளுக்கு வெயில் வேண்டும். முற்றத்தில் ஜமுக்காளம் விரித்து, நாற்காலி போட்டு எடுத்ததுதான் பெரும்பாலான பழைய குடும்பப் படங்கள். வசதியுள்ளவர்கள் கண்ணாடிக் கூரை போட்ட ஸ்டூடியோவுக்குப் போனார்கள். பர்தா முறையில் இருந்த பெண்களுக்கு வெளியே போவதும் கஷ்டம், அந்நிய ஆணின் கேமரா முன் உட்காருவதும் கஷ்டம். ராஜா தீன்தயாள் 1892-ல் ஹைதராபாத்தில் பெண்களுக்கென்றே ஒரு ஸ்டூடியோ திறந்து, அதை ஓர் ஆங்கிலேயப் பெண்மணியின் பொறுப்பில் விட்டதற்கு இதுதான் காரணம். 1887-ல் ஜெர்மனியில் மெக்னீசியப் பொடி பிளாஷ் வந்தபோது இருட்டு அறைகள் முதன்முறையாகத் திறந்தன. ஆனால் ஒரு தடவைதான். புகை கூரையை மூடிவிடும், இரண்டாவது படத்துக்குக் காத்திருக்க வேண்டும். கை கருகியவர்களும் உண்டு. 1929-ல் அதே ஜெர்மனியில் பிளாஷ் பல்ப் வந்த பிறகுதான் புகை ஓய்ந்தது.

அந்தப் பழைய படங்களின் நெகடிவ்கள் எத்தனை மிஞ்சியிருக்கும்? கல்கத்தாவின் பிரசித்திபெற்ற போர்ன் அண்ட் ஷெப்பர்டு ஸ்டூடியோவின் சேகரிப்பில் பெரும்பகுதி 1991 தீ விபத்தில் போயிற்று. ஸ்டூடியோவே 2016-ல் மூடப்பட்டது. வீட்டுச் சுவரில் தொங்கும் பிரதிதான் பல குடும்பங்களுக்கு மிச்சம்.

அதனால்தான் யார் எங்கே நிற்பது என்பது விளையாட்டல்ல. இந்த வீடுகளுக்குப் பங்காளிகள் ஏராளம். பூஜையை நடத்தும் உரிமையே பல குடும்பங்களில் முறை வைத்து வருடத்துக்கு ஒரு கிளைக்குப் போகிறது. கோர்ட்டில் எதிரெதிரே நிற்பவர்கள் படத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். நடுவில் மூத்தவர்கள், சுற்றி மகன்கள், மருமகள்கள். ஓரத்தில் விதவை அத்தை, அதற்கும் ஓரத்தில் முப்பது வருடமாகச் சமைப்பவர். வெளிச்சமும் நடுவில்தான் அதிகம், ஓரத்தில் குறைவு. சாதாரண ஒற்றை பிளாஷ் வீட்டின் வரிசை முறையை அப்படியே நகலெடுத்துவிடுகிறது. நல்ல போட்டோகிராபர் இரண்டு விளக்குகளையும் குறுக்காகத் திருப்புவார். இடப்பக்க விளக்கு வலக்கோடியைப் பார்க்கும், வலப்பக்க விளக்கு இடக்கோடியை. அத்தைக்கும் சமையல்காரருக்கும் முகம் கிடைப்பது அந்தத் திருப்பலில்தான். அகன்ற கோண லென்ஸ் வேறு ஓரத்து ஆட்களை அகலமாக்கிவிடும். இடமிருந்தால் பின்னால் தள்ளிப்போவதே மரியாதை.

வெள்ளை இன்னொரு தலைவலி. ஆண்கள் வெள்ளை வேட்டியும் பஞ்சாபியும், பெண்கள் சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவையும். முகத்துக்கு அளந்தால் வேட்டி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வேட்டிக்கு அளந்தால் முகம் கருத்துவிடும். முகத்துக்கு அளந்து சற்றே குறைப்பது நடைமுறை. பழைய கேமராக்களில் பிளாஷுக்கு 1/60 வினாடிக்கு மேல் வேகம் போகாது. அதையும் இறக்கி 1/15-ல் வைத்து, டிரைபாடில் நிறுத்தினால் பின்னாலுள்ள விளக்குகளும் கொஞ்சம் உள்ளே வரும், அம்மன் இருட்டில் மூழ்காமல் தப்பிப்பாள். சந்தி பூஜையில் ஏற்றும் 108 விளக்குகளின் ஒளியிலேயே எடுத்துக்கொடுங்கள் என்று கேட்கும் குடும்பங்கள் உண்டு. பார்க்க அற்புதமாகத்தான் இருக்கும். முகங்களின் பாதி மட்டும் தெரியும், அதுவும் கீழிருந்து.

பிறகு கண்கள். ஐம்பது பேரில் யாராவது ஒருவர் இமைத்துக்கொண்டேதான் இருப்பார். ஆஸ்திரேலியாவின் நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும் இதைக் கணக்கிட்டு 2006-ல் வேடிக்கை ஆராய்ச்சிகளுக்கான இக் நோபல் பரிசு வாங்கினார்கள். இருபது பேருக்குக் குறைவென்றால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து அத்தனை படங்கள் எடுக்க வேண்டும். மங்கலான வெளிச்சத்தில் இரண்டால் வகுக்க வேண்டும். ஐம்பதை எட்டினால் நம்பிக்கையையே விட்டுவிடலாம். பிலிம் காலத்தில் 36 படங்களுக்கு மேல் போக யாருக்கும் மனம் வராது. இன்று டிஜிட்டலில் அந்தக் கஞ்சத்தனம் தேவையில்லை. மூடிய கண்ணை இன்னொரு படத்திலிருந்து ஒட்டிவிடுகிறார்கள்.

செல்போன் இருக்கும்போது இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு என்று கேட்கும் இளசுகளுக்கும் பதில் அங்கேயே கிடைத்துவிடும். இரவுப் படம் எடுக்கும் வசதி, சில வினாடிகளில் பல படங்களை எடுத்து ஒன்றாக்குகிறது. தூண்கள் பளிச்சென்று விழும். ஓடிய குழந்தைக்கு இரண்டு தலை.

எடுத்து முடித்தபின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, பெரும்பாலும் விட்டுப்போவதும் அதுதான். பிரதியின் பின்புறத்தில் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுவது. சுவரிலிருக்கும் பழைய படங்களில் இரண்டாம் வரிசையில் நிற்கும் பெண்கள் யாரென்று நடு நாற்காலிக்காரருக்கு மட்டும்தான் தெரியும். சில வீடுகளில் இப்போது அஷ்டமி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் படங்களைக் கழற்றி அவர் மடியில் வைத்து, ஒரு பேத்தி பென்சிலோடு பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள்.