விரல் வைத்துக் காட்டுங்கள்

தேர்வை வெல்வோம் - 7

சென்ற வாரம் இலக்கியப் பாடங்களைப் பார்த்தோம். இந்த வாரம், முன்கூட்டிப் படித்துவிட்டுப் போக எதுவுமே இல்லாத பகுதி. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளின் முதல் பிரிவான ‘ரீடிங்’ அது. 80 மதிப்பெண் தாளில் இதற்கு 20. இரண்டு பேசேஜ்கள் வரும். முதலாவது 400 முதல் 450 சொற்களில் ஒரு கருத்துக் கட்டுரை. மற்றது 200 முதல் 250 சொற்களில், வரைபடமோ அட்டவணையோ சேர்ந்த தகவல் கட்டுரை. ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண்.

‘இதுக்கு என்ன படிக்கிறது? பேப்பர்லயே எல்லாம் இருக்கே’ என்று பலர் இதைத் தொடாமலே தேர்வுக்குப் போகிறார்கள். பாடங்களை வரிவிடாமல் உருப்போட்ட பிள்ளைகள், விடை கண்ணெதிரே அச்சாகிக் கிடக்கும் இடத்தில் மதிப்பெண்ணைக் கோட்டை விடுவதைப் பார்க்க மனம் ஆறவில்லை. ஆங்கிலம் போதாததுதான் காரணம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். நன்றாக ஆங்கிலம் பேசும் பிள்ளைகளும் இங்கே சறுக்குகிறார்கள். ஒருமுறை வாசித்ததை நம்பி, மனதில் பதிந்ததிலிருந்து விடை எழுதுவதுதான் பெரும்பாலும் காரணம்.

இதற்கு நான் சொல்லும் விதி ஒன்றுதான். எந்த விடையைத் தேர்ந்தெடுத்தாலும், அதற்கு ஆதாரமான வரியில் உங்களால் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

பொறி எங்கே இருக்கிறது?

ஒரு சிறு மாதிரி. ஆங்கிலத்தில் வரக்கூடியதைத் தமிழில் தருகிறேன்.

‘முன்பு கோடைதோறும் ஊர்மக்களே ஏரியைத் தூர்வாரினார்கள். ஏரிகள் அரசுத் துறையின் பொறுப்புக்குப் போன பிறகு, பல ஊர்களில் அந்த வழக்கம் குறைந்தது. இப்போது சில ஊர்களில் இளைஞர்கள் அதை மீண்டும் தொடங்கியிருக்கிறார்கள்.’

இதிலிருந்து என்ன தெரிகிறது?

அ) அரசு பொறுப்பேற்றதும் தூர்வாருவது எல்லா ஊர்களிலும் நின்றுபோனது.
ஆ) தூர்வாராத ஏரியில் நீர் கொள்ளும் அளவு குறையும்.
இ) இளைஞர்கள் அரசிடமிருந்து ஏரிகளை மீட்டார்கள்.
ஈ) ஏரிப் பராமரிப்பில் ஊரார் பங்கு சில இடங்களில் திரும்பி வருகிறது.

‘அ’வில் பேசேஜின் சொற்களே இருக்கின்றன. ஆனால், ‘பல’ என்பது ‘எல்லா’ ஆகிவிட்டது. ‘குறைந்தது’ என்பது ‘நின்றுபோனது’ ஆகிவிட்டது. ‘ஆ’ உலகறிந்த உண்மை. ஆனாலும் இந்த மூன்று வரிகளில் அது இல்லை. பொது அறிவு உள்ள பிள்ளைகள் விழுவது இங்கேதான். ‘இ’ அரசு, இளைஞர், ஏரி மூன்றையும் எடுத்துக்கொண்டு, நடக்காத ஒன்றைச் சொல்கிறது. ‘ஈ’யில் பேசேஜின் சொற்கள் குறைவு. ஆனால் மூன்றாவது வரியில் விரல் வைத்து, ‘இதோ ஆதாரம்’ என்று காட்ட முடிகிறது. அதுவே விடை.

ஆகவே ‘ஆல்’, ‘ஒன்லி’, ‘ஆல்வேஸ்’, ‘நெவர்’ போன்ற சொற்கள் வந்தால் நின்று, அவ்வளவு உறுதியாகப் பேசேஜும் சொல்கிறதா என்று பாருங்கள். கேள்வியில் ‘நாட்’, ‘எக்ஸெப்ட்’ இருந்தால் அடிக்கோடிடுங்கள். அவசரத்தில் கண் முதலில் தாண்டிப் போவது அவற்றைத்தான்.

அந்தப் பதினைந்து நிமிடம்

10.15 முதல் 10.30 வரை வினாத்தாளை வாசிக்க மட்டுமே நேரம். எழுத முடியாது. இதில் பெரும்பகுதியை இந்த இரண்டு பேசேஜ்களுக்குக் கொடுங்கள். மற்ற கேள்விகளில் பெரும்பாலானவை நீங்கள் படித்த பாடத்திலிருந்து வருபவை. புதிதாக வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டியது இங்கேதான் அதிகம். ஒவ்வொரு பத்தி முடிந்ததும், ‘இது என்ன வேலை செய்கிறது?’ என்று மனதுக்குள் ஒரு வரியில் சொல்லிக்கொள்ளுங்கள்: பிரச்சினையைச் சொல்கிறது, காரணம் தருகிறது, மறுக்கிறது, தீர்வு சொல்கிறது. ‘ஹவ்எவர்’, ‘பட்’, ‘யெட்’ வரும் இடத்தில் கட்டுரையாளர் பாதை மாற்றுகிறார். அவருடைய உண்மையான கருத்து பெரும்பாலும் அதற்குப் பின்னால்தான் வரும்.

தெரியாத சொல் வந்தால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அதற்குப் பொருள் கேட்டால், தரப்பட்ட நான்கு சொற்களையும் ஒவ்வொன்றாக அந்த வாக்கியத்தில் வைத்து, முன்பின் வரிகளோடு சேர்த்து வாசியுங்கள். பொருந்தாதவை தானாக விலகும்.

படமும் பேசும்

இரண்டாவது பேசேஜின் வரைபடத்தில் முதலில் தலைப்பு, பிறகு அளவு, பிறகு ஆண்டு என்ற வரிசையில் பாருங்கள். லட்சமா, சதவீதமா என்று கவனிக்காமலே பலர் விடை எழுதுகிறார்கள். ஓர் அளவு 20 சதவீதத்திலிருந்து 30 சதவீதமானால், கூடியது 10 சதவீதப் புள்ளிகள். முன்பிருந்ததோடு ஒப்பிட்டால் வளர்ச்சி 50 சதவீதம். கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

சுமார் 40 சொற்களில் எழுதும் கேள்விகளுக்குப் பேசேஜின் வரிகளை அப்படியே பெயர்த்து வைக்காதீர்கள். கேட்டதற்கு நேரான பதிலை முதல் வாக்கியத்தில் சொல்லுங்கள். அடுத்ததில் ஆதாரத்தைச் சொந்த வார்த்தைகளில் தாருங்கள். மூன்று மணி நேரத்தில் இந்தப் பிரிவுக்கு 40 நிமிடம் போதும். மீதி நேரம் மற்ற பிரிவுகளுக்கு வேண்டும்.

இந்த வாரப் பயிற்சி

சிபிஎஸ்இ ஆண்டுதோறும் மாதிரி வினாத்தாளையும், மதிப்பெண் தரும் முறையையும் தன் இணையதளத்தில் இலவசமாக வெளியிடுகிறது. பழைய ஆண்டுத் தாள் ஒன்றை எடுங்கள். ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் ஆதார வரியின் எண்ணைக் குறியுங்கள். பிறகு திருத்துங்கள். தவறிய விடைகளில் எத்தனைக்கு வரி எண் எழுத முடியாமல் இருந்தது என்று பாருங்கள். உங்கள் பலவீனம் எங்கே என்று அதுவே சொல்லிவிடும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஆங்கிலம் தெரியாததால் பிள்ளைக்கு உதவ முடியவில்லையே என்று ஒதுங்கி நிற்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு விடைக்கும் ‘இது எந்த வரியில இருக்கு, காட்டு’ என்று கேட்டால் போதும். காட்ட முடியாத பிள்ளை மறுபடி வாசிக்கும். இந்தப் பிரிவுக்கு வேண்டிய பயிற்சியில் பாதி அதுதான்.

அடுத்த வாரம்: கடிதம் எழுதுவதில் மதிப்பெண் எங்கே குறைகிறது?

(தொடரும்)