கிரிவலப் பாதையில் மான் தெரியுதா? ஃப்ளாஷை ஆன் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

பௌர்ணமி இல்லாத சாதாரண நாளில், ராத்திரி நேரம் திருவண்ணாமலை கிரிவலம் போயிருக்கீங்களா? கூட்டம் இருக்காது. 14 கிலோமீட்டர் பாதையில் காட்டை ஒட்டிய பகுதி வரும்போது, மரங்களுக்கு நடுவே திடீர்னு ரெண்டு கண்கள் மின்னும். புள்ளிமான்!

புதுசா வாங்கிய ஃப்ளாஷை மாட்டிக்கொண்டு நானும் அப்படி ஒருநாள் க்ளிக் பண்ணினேன். படத்தில் மான் இல்லை. முன்னால் இருந்த புதர் வெள்ளை வெளேர்னு இருந்தது, அதுக்குப் பின்னால் ரெண்டு வெள்ளை வட்டங்கள், அவ்வளவுதான். ஆனா மான் மிரண்டு ரோட்டுப் பக்கம் பாய்ந்தது. நல்லவேளை, அந்த நேரம் வண்டி எதுவும் வரலை. நான் வாங்கினதும் தப்பு, அடிச்சதும் தப்புன்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

வாங்கினது ஏன் தப்பு? எல்லோரையும் போல நானும் பெட்டியில் இருந்த 'கைடு நம்பர் 60'ஐப் பார்த்து மயங்கினேன். கைடு நம்பரை லென்ஸின் எஃப் எண்ணால் வகுத்தால், வெளிச்சம் எத்தனை மீட்டர் எட்டும்னு தெரிஞ்சுடும். எஃப் 5.6 என்றால் 60-ஐ 5.6-ஆல் வகுக்க, ஏறக்குறைய 10.7 மீட்டர். இது ஐஎஸ்ஓ 100-க்கான கணக்கு. ஐஎஸ்ஓ 400 வைத்தால் இரட்டிப்பாகி 21 மீட்டர். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த 60 என்பது பெரும்பாலும் ஃப்ளாஷின் தலையை 200 எம்எம் ஜூமில் வைத்து அளந்தது. 35 எம்எம்முக்கு வந்தால் எண் பாதி அளவுக்குச் சரிந்துவிடும். பெட்டியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், தேடிப் பாருங்க.

இப்போ அதே கணக்கைத் திருப்பிப் போடுங்க. செடியில் உட்கார்ந்திருக்கும் சிலந்தியை 30 சென்டிமீட்டர் தூரத்தில், எஃப் 11-ல் எடுக்க எவ்வளவு வேண்டும்? வெறும் 3.3! மேலே டிஃப்யூசர் மாட்டினால் கொஞ்சம் வெளிச்சம் குறையும். அப்பவும் சின்ன ஃப்ளாஷே தாராளம். குறைந்த பவரில் ஃப்ளாஷ் மின்னுவது நொடியில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதனால் தும்பியின் இறக்கைகூட அசையாமல் நிற்கும். டிஃப்யூசருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். சிப்ஸ் டப்பாவும் பட்டர் பேப்பரும் போதும். என்னுடையது இன்னமும் மசாலா வாசனை அடிக்கும், அது வேற விஷயம்.

திருவண்ணாமலை மாதிரி ஊரில் ஃப்ளாஷுக்கு உண்மையான வேலை இந்தக் குட்டி உயிர்களிடம்தான். மலை காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. ஏரிக்கரை, வீட்டுத் தோட்டம், மழைக்காலத்துக் குட்டைன்னு வெளியிலேயே சிலந்தி, தும்பி, ஓணான்னு ஏகப்பட்ட ஆட்கள் இருக்காங்க.

பறவைக்கு ஃப்ளாஷே வேண்டாமா? பகலில், நிழலில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு லேசாகக் கொடுக்கலாம். அதுக்கு ஹை ஸ்பீட் சிங்க் வசதி கட்டாயம். சாதாரண ஃப்ளாஷ் 1/200 அல்லது 1/250 ஷட்டர் வேகம் வரைதான் ஒத்துழைக்கும். 400 எம்எம் லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க அந்த வேகம் பத்தாது, வெயிலில் படமும் வெளுத்துவிடும். ஹை ஸ்பீட் சிங்க்கில் 1/1000, 1/2000-ன்னு போகலாம். ஆனால் பவர் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பெரிய கைடு நம்பர் உதவுவது இங்கேதான். டிடிஎல் மோடில் மைனஸ் 1 அல்லது மைனஸ் 2 வைத்தால் ஃப்ளாஷ் அடித்ததே தெரியாது. குளிர்காலத்தில் வரும் ஆறுமணிக் குருவிக்கு நான் ஃப்ளாஷே போடுவதில்லை, ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்வேன். கொஞ்சம் புள்ளி புள்ளியாக வந்தால் வரட்டுமே.

இன்னொரு பொறி இருக்கு. நம்ம பசங்க நிறைய பேர் கையில் இருக்கும் கேனான் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 கேமராக்களின் ஹாட் ஷூவில் நடுப் பின் கிடையாது. விலை குறைந்த மேனுவல் ஃப்ளாஷை அதில் மாட்டினால் சும்மா உட்கார்ந்திருக்கும், மின்னவே மின்னாது. கேனான் டிடிஎல்லோடு பேசக்கூடிய மாடலாக, உங்க கேமரா பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்க. சோனி, நிகான்காரர்களும் அவங்கவங்க பிராண்டுக்கான மாடலைத்தான் எடுக்கணும்.

சரி, அடிச்சது ஏன் தப்பு? மான், மரநாய் போன்றவற்றின் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. இருட்டில் பார்க்க உதவுவது அதுதான், படத்தில் வெள்ளை வட்டமாக விழுவதும் அதுதான். ஃப்ளாஷை லென்ஸிலிருந்து தள்ளிப் பிடித்தால் வட்டம் மறையும். ஆனா இருட்டுக்குப் பழகிய கண்ணில் பளீர்னு அடித்தால் கொஞ்ச நேரம் அதுக்கு எதுவும் சரியாகத் தெரியாது. ரோட்டோரத்தில் அந்தக் கொஞ்ச நேரம் போதும், உயிர் போக. முதுமலை மாதிரி புலிகள் காப்பகங்களில் சஃபாரி வண்டியிலிருந்து ஃப்ளாஷ் அடிக்க விடமாட்டார்கள். கிரிவலப் பாதையில் தடுக்க ஆள் இல்லை, நாமாகத்தான் ஆஃப் பண்ணி வைக்கணும். ஆந்தைக்கும் கூட்டில் இருக்கும் குஞ்சுகளுக்கும் இதே கதைதான். தவளையும் ராத்திரி ஆள்தான், ரெண்டு மூணு ஷாட்டோடு விட்டுடுங்க.

கடைக்குப் போகும்போது கேமராவைக் கையோடு எடுத்துட்டுப் போங்க. ஃப்ளாஷை மாட்டி, ஷட்டரை 1/1000-ல் வைத்து சுவரை ஒரு படம் எடுங்க. படத்தில் கறுப்புப் பட்டை விழுந்தால், ஹை ஸ்பீட் சிங்க் வேலை செய்யலைன்னு அர்த்தம். செட்டிங்கை ஒருமுறை சரிபாருங்க. அப்பவும் பட்டை விழுந்தால், அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்க.