கொந்தளிப்பைக் கிளறும் அலை

சூரியனின் மையத்தில் வெப்பம் ஒன்றரைக் கோடி டிகிரி. பூமியில் அணுக்கரு இணைவை நடத்த அது போதாது. பத்துக் கோடி டிகிரிக்கு மேல் வேண்டும். சூரியனின் அழுத்தம் நம்மிடம் இல்லையே, சூட்டைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. அந்தச் சூட்டில் ஹைட்ரஜன் வாயு எலெக்ட்ரான் வேறு, அயனி வேறாகப் பிரிந்து பிளாஸ்மா ஆகிவிடும். டோகமாக் என்னும் வளையக் கருவிக்குள், சுவரில் படாமல் அதைக் காந்தப்புலம் பிடித்து வைக்கிறது.

பிடித்து வைத்தாலும் பிளாஸ்மா சும்மா இருப்பதில்லை. நடுவில் சூடும் அடர்த்தியும் அதிகம், ஓரத்தில் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வே சிறுசிறு சுழல்களைக் கிளப்பி, வெப்பத்தையும் துகள்களையும் வெளியே தள்ளுகிறது. எனவே கொந்தளிப்பு என்றாலே எதிரி என்பது பொதுவான எண்ணம். ஆனால் அதைத் தேவையான இடத்தில் தேவையான அளவுக்குக் கிளறிவிட்டால் பயன்படும் என்று காட்டியிருக்கிறது, அமெரிக்காவின் சான் டியேகோவில் உள்ள டி3-டி டோகமாக்கில் நடந்த ஒரு சோதனை. எம்.ஐ.டி.யின் டாரின் எர்ன்ஸ்ட் தலைமையிலான குழு 2016-இல் அதன் முடிவுகளை வெளியிட்டது.

அவர்கள் கையாண்ட கருவி மைக்ரோவேவ். நம் வீட்டு அடுப்பில் இருப்பது 2.45 கிகாஹெர்ட்ஸ், இங்கே 110. காந்தப்புலத்தில் எலெக்ட்ரான்கள் வட்டமடிக்கும். புலம் 2 டெஸ்லா என்றால் விநாடிக்கு 5,600 கோடி சுற்று. அதன் இரு மடங்குக்கு அருகில் உள்ள அலையை அவை அப்படியே விழுங்கிவிடும். வளையத்தின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் போகப் போகப் புலம் வலுக் குறைவதால், கணக்கு சரியாகப் பொருந்துவது ஒரு மெல்லிய அடுக்கில் மட்டுமே. கண்ணாடியைத் திருப்பி அலையைச் செலுத்தினால், வேண்டிய இடத்தை மட்டும் சுட வைக்கலாம்.

டி3-டியில் பிளாஸ்மாவைச் சூடாக்கும் துகள் கற்றை, பெரும்பாலும் அயனிகளையே சூடாக்கும். எலெக்ட்ரான்களின் வெப்பநிலை அயனிகளுடையதில் பாதிதான் இருந்தது. மைக்ரோவேவ் வந்ததும் இரண்டும் சமமாயின. களத்து நெல்லைக் குவித்துக்கொண்டே போனால் சரிவு ஓர் அளவைத் தாண்டியதும் நெல் உருளத் தொடங்குமே, அப்படி ஓர் எல்லை அடர்த்தியின் சரிவுக்கும் உண்டு. அந்த எல்லையை எலெக்ட்ரான் சூடு பாதியாக இறக்கிவிட்டது. காந்தப்புலம் வலுக் குறைந்த பக்கத்தில் சிக்கி ஊசலாடும் எலெக்ட்ரான்கள் கொந்தளிப்பைக் கிளப்ப, நடுவில் குவிந்திருந்த அடர்த்தி சரிந்தது.

அடர்த்தி சரிந்தால் லாபமா? இணைவு ஆற்றல் அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது. அடர்த்தி சற்றுக் குறைந்தாலும் ஆற்றல் நன்றாகக் குறையும். கட்டுப்பாட்டுக்கு அது ஒரு பிரேக்.

பிரான்சில் எழும்பிவரும் இட்டர் இணைவு உலைக்கு இது முக்கியம். இட்டரின் இலக்கு, 50 மெகாவாட் செலுத்தி 500 மெகாவாட் பெறுவது. அதில் 100 மெகாவாட்டை இணைவில் பிறக்கும் ஆல்ஃபா துகள்கள் பிளாஸ்மாவுக்கே திருப்பித் தந்துவிடும், அதுவும் பெரும்பாலும் எலெக்ட்ரான்களுக்கு. அதாவது, சூட்டில் மூன்றில் இரண்டு பங்கு இயக்குபவர் கையில் இல்லை. சான் டியேகோவில் மைக்ரோவேவ் செய்த வேலையை அங்கே ஆல்ஃபா துகள்கள் தாமாகவே செய்யக்கூடும். அவற்றுக்குத் தோதாக எந்த இடத்தில் அலையைச் செலுத்துவது, எங்கே நிறுத்துவது என்பதை டி3-டி போன்ற சிறிய டோகமாக்குகளிலேயே கற்றாக வேண்டும்.