ஒரு ‘சரி’யும் அரை நொடி மௌனமும்

சந்தவாசலில் ஒரு நெசவாளரின் கைபேசிக்குப் புதுச் சேலையின் படம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உடல் என்ன நிறம், கரை என்ன நிறம், கூலி எவ்வளவு எல்லாம் அதிலேயே இருக்கும். பதில் ஒரே சொல்: ‘சரி’. இதையே வாயால் சொல்லியிருந்தால், இழுத்துச் சொன்னது தயக்கம், வெட்டிச் சொன்னது கோபம் என்று எதிராளிக்குப் புரிந்திருக்கும். எழுத்தில் எல்லாச் ‘சரி’யும் ஒன்றுதான். எழுதுகிறவருக்கு இது உறைப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்ளியும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் எழுதியது கிண்டலா இல்லையா என்பதை நூற்றுக்கு 78 தடவை படிப்பவர் கண்டுகொள்வார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். கண்டுகொண்டது 56 தடவை. காசைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும். எழுதும்போது நம் குரல் நமக்குள் ஒலிக்கிறது, அது எழுத்தோடு கூடவே போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

குரல் உடம்பையும் தொடுகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி செல்ட்சர் குழுவினர் சிறுமிகளைப் பலர் முன் பேசவும் கணக்குப் போடவும் வைத்துப் பதற்றப்படுத்தினார்கள். பிறகு தாயின் குரலைத் தொலைபேசியில் கேட்டவர்களுக்குப் பதற்ற ஹார்மோனான கார்டிசால் தணிந்தது, ஆக்ஸிடோசின் சுரந்தது. தாயோடு குறுஞ்செய்தியில் மட்டும் பேசியவர்களின் நிலை, யாரோடும் பேசாதவர்களின் நிலையைப் போலவே இருந்தது. 2012இல் வந்த இந்த ஆய்வு சிறியது, சிறுமிகளை மட்டுமே பார்த்தது. எல்லோருக்கும் நீட்டிவிட முடியாது.

குறுஞ்செய்தி மொழியைக் கெடுக்கிறது என்ற புலம்பலோடு எனக்கு உடன்பாடில்லை. பிரிட்டனில் ஆய்வாளர்கள் பெவர்லி பிளெஸ்டர், கிளேர் வுட் ஆகியோர் பார்த்தவரை, சுருக்கெழுத்தை நிறையக் கையாண்ட பிள்ளைகள் எழுத்துக்கூட்டலில் பின்தங்கவில்லை. ‘வரேன்’, ‘சொல்லுங்க’ என்று பேச்சுத் தமிழ் இத்தனை தாராளமாக எழுதப்பட்டதும் இப்போதுதான். கூலித் தொகையும் இழைக் கணக்கும் காதில் இருப்பதைவிட எழுத்தில் இருப்பதே நல்லது. காது கேளாதவருக்கோ அது பெரிய வரம். குரல் வேண்டுமென்றால் குரல்பதிவு அனுப்பலாமே என்பார்கள். அதில் தொனி கிடைக்கும், தாளம் கிடைக்காது. கரையை வேறு நிறத்தில் உடலோடு கோத்து நெய்யும் கோர்வைப் பட்டுக்கு இருவர் தறியில் உட்காரும்போது, நாடா வந்து சேருமுன்பே வாங்கும் கை தயாராக இருக்கும். உரையாடலும் அப்படித்தான். ஆய்வாளர் டான்யா ஸ்டைவர்ஸ் குழு 2009இல் பத்து மொழிகளை அளந்தபோது, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சராசரியாக ஐந்தில் ஒரு நொடிதான் இருந்தது. ஒரு சொல்லை எடுத்துச் சொல்லவே மூளைக்கு அரை நொடிக்கு மேல் வேண்டும். ஆகவே எதிராளி பேசி முடிக்குமுன்பே நம் பதில் உருவாகிறது. ஒப்புதல் சட்டென்று வருகிறது, மறுப்பு தாமதிக்கிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. கூலியைச் சொன்னதும் விழும் அரை நொடி மௌனம் ஒரு பேரம். கூலி சொன்னவர் தாமாகவே தொகையைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்லக்கூடும். வாட்ஸ்அப்பில் பதில் பத்து நிமிடம் தாமதித்தால், நெசவாளர் தறியில் இருக்கிறார் என்றுதான் தோன்றும்.