மூன்று மில்லிவிநாடி தூரத்தில் சென்னை

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் கியர் வெட்டும் ஒரு பட்டறையின் பெரிய சொத்து எது? சிஎன்சி இயந்திரம் பழுதானால் பணம் கொடுத்து வேறொன்று வாங்கலாம். அந்த இயந்திரத்துக்கு வழிசொல்லும் ஃபைல்களைக் கடையில் வாங்க முடியாது. உதிரிபாக வரைபடம், வெட்டும் நிரல், அளவு சரிபார்த்த பதிவு எல்லாம் இன்று சர்வருக்குள்தான் இருக்கின்றன. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2024 செப்டம்பரில் ஓசூரை அடுத்த டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் தீப்பிடித்து உற்பத்தி நின்றது. எந்தக் கட்டடத்துக்கும் எதுவும் நேரலாம். ஆகவே தரவின் இன்னொரு பிரதி வேறோர் ஊரில், தானாகவே புதுப்பிக்கப்பட்டபடி இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு நகலாக்கம் என்று பெயர். கணினிக்காரர்கள் ரெப்ளிகேஷன் என்பார்கள்.

பிரதியை எங்கே வைப்பது என்பது முதல் கேள்வி. பெங்களூரு 40 கிலோமீட்டர். சென்னை சாலைவழி 300 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. பெங்களூருக்குப் போய்த் திரும்ப அதற்கு 0.4 மில்லிவிநாடி போதும். சென்னைக்கு 3 மில்லிவிநாடி. நாம் ஒருமுறை கண்ணிமைப்பதற்குள் சென்னைக்கு முப்பது தடவையாவது போய்வந்துவிடும்.

அந்தச் சொற்ப நேரம்கூடக் கணினிக்குப் பெரிது. ஒவ்வொரு முறை எழுதும்போதும் 'அங்கேயும் எழுதியாயிற்று' என்ற பதில் வரும்வரை காத்திருப்பது ஒரு முறை. இது உடனிணைவு நகலாக்கம். இதில் ஒரு துளித் தரவும் தொலையாது. ஆனால் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால், பெங்களூருடன் விநாடிக்கு 2,500 முறை எழுதலாம். சென்னையுடன் 333 முறைதான். காத்திருக்காமல் வேலையைத் தொடர்ந்துவிட்டு, மாற்றங்களைப் பின்னால் அனுப்புவது இன்னொரு முறை; இது பின்னிணைவு. வேகம் குறையாது, விபத்து நேர்ந்தால் கடைசிச் சில நிமிட வேலை போகலாம். அருகில் வைத்தால் இரு ஊரையும் ஒரே பேரிடர் தாக்கலாம். தொலைவில் வைத்தால் ஒளியே மெதுவாகத் தெரிகிறது. எத்தனை நிமிட வேலையை இழந்தால் பட்டறை தாங்கும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் பொறியாளர் கேபிளைத் தொடுவார்.

அடுத்தது அளவு. 10 டெராபைட் தரவை விநாடிக்கு ஒரு கிகாபிட் இணைப்பில் முழுவதும் அனுப்ப 22 மணி நேரத்துக்கு மேலாகும். தினமும் இப்படி அனுப்ப முடியாது. அன்று மாறியது 20 கிகாபைட் மட்டும் என்றால் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எது மாறியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு அழகான விடையை 1994-இல் நெட்ஆப் நிறுவனத்தின் டேவ் ஹிட்ஸ், ஜேம்ஸ் லாவ், மைக்கேல் மால்கம் மூவரும் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். அவர்களுடைய கோப்பு முறைமை பழைய தரவின் மேல் எழுதுவதே இல்லை. மாறிய 4 கிலோபைட் துண்டை வேறொரு காலி இடத்தில் எழுதிவிட்டு, சுட்டியை மட்டும் திருப்பிவிடும். அதனால் ஒரு கணத்தின் முழு நிலையையும் உறையவைக்க எதையும் நகலெடுக்க வேண்டாம். பழைய சுட்டிகளை விட்டுவைத்தாலே போதும். இந்த உறைநிலைக்கு ஸ்னாப்ஷாட் என்று பெயர். நேற்றைய ஸ்னாப்ஷாட்டையும் இன்றையதையும் ஒப்பிட்டால் மாறிய துண்டுகள் மட்டும் பட்டியலாக வந்து நிற்கின்றன.

ஸ்னாப்ஷாட் வசதி இல்லாத இடங்களுக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வழி பிறந்தது. 1996-இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கரஸ் இருவரும் ஆர்சிங்க் என்ற நிரலை வெளியிட்டார்கள். பழைய ஃபைல் சென்னையில், புதியது ஓசூரில். இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவராமல் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். சென்னை தன் ஃபைலைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு அனுப்புகிறது. ஓசூர் தன் ஃபைலில் ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து, அதே எண் எங்கே வருகிறது என்று தேடுகிறது. லட்சக்கணக்கான இடங்களில் முதலிலிருந்து கூட்டினால் விடிந்துவிடும். டீக்கடைக்காரர் கடைசி ஏழு நாள் வசூலைக் கணக்கிடப் பழைய நாளைக் கழித்து இன்றைய நாளைச் சேர்ப்பதுபோல, இந்த எண்ணும் வெளியேறும் பைட்டைக் கழித்து, நுழையும் பைட்டைச் சேர்த்தே நகர்கிறது. ஃபைலின் தலையில் ஒரே ஒரு வரி சேர்ந்து எல்லாம் இடம் தள்ளிப்போனாலும், மீதிப் பகுதி பழையதுதான் என்று கண்டுகொள்கிறது.

இந்தக் கதையில் நம் பங்கும் உண்டு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி உருவாக்கிய கிளஸ்டர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, சாதாரணக் கணினிகள் பலவற்றை ஒரே சேமிப்பகமாக இணைக்கிறது. எந்த ஃபைல் எங்கே என்று சொல்லும் மையப் பதிவேடு அதில் இல்லை. ஃபைலின் பெயரைக் கணக்கில் போட்டாலே இருப்பிடம் தெரிந்துவிடும். வேறு ஊருக்குப் பிரதி அனுப்ப, ஒவ்வொரு வட்டும் எது சேர்ந்தது, மாறியது, அழிந்தது என்று தானே குறிப்பு எழுதி வைக்கிறது. அந்தக் குறிப்பைப் படித்து ஆர்சிங்க் வழியாக அனுப்புகிறார்கள். இதை உருவாக்கிய நிறுவனத்தை 2011-இல் ரெட் ஹேட் சுமார் 13.6 கோடி டாலருக்கு வாங்கியது.

இவ்வளவு கெட்டிக்காரத்தனமும் சில அற்பக் காரணங்களால் நின்றுபோகும். திரையில் 'பழுது' என்று வந்தால் அனுபவசாலி முதலில் பார்ப்பது நான்கு. இரு சர்வர்களும் ஒன்றையொன்று நம்பப் பரிமாறிய சாவி செல்லுகிறதா? எதிர்முனை வட்டில் இடம் இருக்கிறதா? இரு பக்க மென்பொருளும் ஒத்த பதிப்பா? கடிகாரங்கள் ஒத்துப்போகின்றனவா? டைட்டன் கைக்கடிகாரத்தில் துடிக்கும் குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சர்வருக்குள் நேரம் காப்பதும் அதன் உறவுதான். வெப்பம் மாறினால் அது நாளுக்கு ஒன்றிரண்டு விநாடி பிசகும். பிசகினால் புதிய ஃபைல் பழையதாகவும், பழையது புதியதாகவும் தோன்றிவிடும்.

இதைவிடக் குழப்பும் கோளாறு ஒன்று உண்டு. சோதனைக்கு 'பிங்' அனுப்பினால் உடனே பதில் வரும். நகலாக்கம் மட்டும் அசையாது. சர்வர்கள் 9,000 பைட் பொட்டலங்களாக அனுப்ப அமைக்கப்பட்டிருக்கும். வழியில் ஒரு கருவி 1,500 பைட்டுக்கு மேல் விடாது. பிங் பொட்டலம் 100 பைட்டுக்கும் குறைவு என்பதால் தாராளமாகப் போய்விடும்; தரவுப் பொட்டலங்கள் சத்தமில்லாமல் கீழே விழும். பெரிய பொட்டலத்தாலேயே சோதித்தால் ஐந்து நிமிடத்தில் பிடிபடும்.

நகலாக்கத்துக்கு ஒரு எல்லையும் உண்டு. ஓசூரில் யாராவது தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் சென்னையிலும் அது விசுவாசமாக அழியும். பணம் பறிக்கும் வைரஸ் ஃபைல்களைப் பூட்டினால், பூட்டிய ஃபைல்களே அங்கும் போய்ச் சேரும். அதனால் எதிர்முனையில் பழைய நாட்களின் ஸ்னாப்ஷாட்டுகள் சிலவற்றையும், எந்த இணைப்பும் இல்லாத தனி பேக்கப் ஒன்றையும் வைத்தே ஆக வேண்டும்.

சிப்காட்டிலும் சிட்கோவிலும் பட்டறை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திரையில் பச்சை விளக்கு எரிகிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு வரைபடத்தை எதிர்முனைப் பிரதியிலிருந்து திறந்து, இயந்திரத்தில் ஏற்றி, ஓடுகிறதா என்று பாருங்கள். திறந்து பார்த்த பிரதிதான் பிரதி.