உங்களுக்குத் தெரியுமா? அசுரனுக்கு ஒரு இரும்பு நகல்

வல்லக்கோட்டை முருகன் ஏழடி உயரம். வல்லன் என்ற அசுரனை அவர் வதம் செய்த இடம் இது என்கிறது தலபுராணம். சாகும்போதும் ஊருக்குத் தன் பேரை வாங்கி வைத்துவிட்டுப் போனவன் அந்த வல்லன்! கோயிலைச் சுற்றி இன்றைக்கு ஒரகடத்தில் கோமாட்சு ஆலை, வல்லம் வடகாலில் யமஹா ஆலை. அசுரனும் ஜப்பான்காரர்களும் இவ்வளவு நெருக்கத்தில் இருக்கையில் காட்ஸில்லாவைப் பேசாமல் விடலாமா?

● முதல் காட்ஸில்லா படம் 1954 நவம்பரில் வந்தது. இயக்கம் இஷிரோ ஹோண்டா. அந்த ராட்சசனுக்குள் இருந்தவர் ஹருவோ நகஜிமா. உடுப்பு மட்டும் சுமார் 100 கிலோ! அதை மாட்டிக்கொண்டு ஸ்டுடியோ விளக்கு வெக்கையில் சில நிமிஷம் நடப்பதே பெரும்பாடு. உலகமே மிரண்ட அந்த உறுமல் எந்த மிருகத்துடையதும் இல்லை. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள் பாஸ் தந்தியை இழுத்துத் தேய்த்து எடுத்த சத்தம் அது.

● கந்த சஷ்டியில் ஒரே சூரன் பொம்மைக்கு யானைமுகம், சிங்கமுகம் என்று தலையை மாற்றி மாற்றிச் சண்டைக்கு அனுப்புவார்கள் அல்லவா? ஜப்பானிலும் அதே கைவேலைதான். 1966-ல் அல்ட்ராமேன் டிவி தொடரில் வந்த 'ஜிராஸ்', கழுத்தில் விசிறி மடிப்பு ஒட்டிய பழைய காட்ஸில்லா உடுப்பு.

● ராட்சசனைப் பார்த்து ரோபோ செய்யும் யோசனை முதலில் வாய்த்தது காட்ஸில்லாவுக்கு அல்ல, கிங்காங்குக்கு. 1967-ல் வந்த 'கிங்காங் எஸ்கேப்ஸ்' படத்தில், வட துருவத்தில் ஒரு கதிர்வீச்சுத் தாதுவைத் தோண்டுவதற்காகவே மெக்கானிகாங் செய்யப்படுகிறது. பாதித் தோண்டலில் சர்க்யூட் படுத்துவிடும். வில்லன் என்ன செய்கிறான்? நிஜ கிங்காங்கைப் பிடித்துவந்து அதே வேலையில் இறக்கிவிடுகிறான்! மெஷின் நின்றால் ஆளைப் பிடி. ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

● மெக்காகாட்ஸில்லா பிறந்தது 1974-ல், கதை நடப்பது ஒகினாவாவில். வேற்றுக்கிரகவாசிகள் செய்த அந்த ரோபோ, முதலில் காட்ஸில்லா தோலைப் போர்த்திக்கொண்டு ஊரை நொறுக்கும். பழி அசல் மேல். சண்டையில் தோல் கிழிய, உள்ளே உலோகம் பளபளக்கும். எனக்குப் பிடித்தது கடைசிச் சண்டை. முன்னால் ஒரு எதிரி, பின்னால் ஒரு எதிரி. ரோபோ தலையை மட்டும் முதுகுப்பக்கம் திருப்பி இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் சுடும். அந்தத் தலையைத்தான் கடைசியில் காட்ஸில்லா திருகி எடுக்கும். விட்டதா? 1975-ல் வந்த அடுத்த படத்தில் தலை போன பிறகும் கழுத்திலிருந்து சுடும். அந்தப் படத்தின் திரைக்கதை யுகிகோ தகயாமா என்ற பெண்மணியுடையது. ஹோண்டா இயக்கிய கடைசிப் படமும் அதுவே.

● 1993-ல் ரோபோ கட்சி மாறியது. இந்த முறை கட்டியது மனிதர்கள், காட்ஸில்லாவை ஒழிக்க. அதன் உயரம் 120 மீட்டர், காட்ஸில்லாவோ 100 மீட்டர். 2002-ல் இன்னும் ஒரு படி மேலே போய், 1954-ல் செத்த முதல் காட்ஸில்லாவின் எலும்பை உள்ளே வைத்தே 'கிர்யூ' என்ற மெக்காகாட்ஸில்லாவைக் கட்டினார்கள். எதிரே வந்த காட்ஸில்லா ஒரு உறுமு உறுமியதும் எலும்புக்குப் பழைய நினைவு திரும்பிவிட்டது. ரோபோ பைலட்டின் சொல்லைக் கேட்காமல், சார்ஜ் தீரும்வரை ஊரை இடித்துத் தள்ளியது. நம் கார் ஆலை பாடி ஷாப்பில் வெல்டிங் ரோபோவின் வேலிக் கதவைத் திறந்தாலே கை அப்படியே நின்றுவிடும். அவ்வளவு செலவு செய்தவர்கள் ஒரு சிவப்பு எமர்ஜென்சி பட்டனை ஒழுங்காக வைத்திருக்கக் கூடாதா?

● நம் ஊர் ராட்சசனுக்கு உடம்பெல்லாம் செல்போன். 2018-ல் ஷங்கரின் '2.0' படத்தில் பக்ஷிராஜன் பறவையாக எழ, சிட்டி ரோபோ ஸ்டேடியத்தில் விஸ்வரூபம் எடுத்து மோதும். இதுவரை ஜப்பான் பாணி. பிறகுதான் நம்மவர்கள் வேறு வழி பிடித்தார்கள்: ஆட்டத்தைத் திருப்பியது புறா மேல் ஏறிவந்த குட்டி ரோபோ 3.0. ராட்சசனுக்கு எதிராக ரோபோவைப் பெரிதாகவே கட்டிப் பழகியவர்கள் ஜப்பான்காரர்கள். இங்கே அது உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது. படம் பல இடங்களில் இழுவைதான், ஆனால் இந்த யோசனைக்கு ஒரு சபாஷ்.

● 'எந்திரன்' 2012-ல் ஜப்பான் தியேட்டர்களுக்குப் போனது, '2.0' 2019-ல். மெக்காகாட்ஸில்லாவைப் பெற்ற நாட்டில் ரஜினி ரோபோவுக்கும் டிக்கெட் விற்றிருக்கிறது!