குழந்தைகளின் அரண்

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சியில் இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகள் உள்ளன. அவை தனித்தனியே நின்றிருப்பின் பெருங்கோட்டை ஆகியிரா. மூன்றையும் வளைத்து இணைத்த நெடுமதிலே அவற்றை அரணாக்கிற்று. 1690-இல் முகலாயப் படை முற்றுகையிட்டது. 1698-இல்தான் அதனால் அக்கோட்டையைக் கைப்பற்ற முடிந்தது.

குழந்தைகளைக் காக்கும் அரணும் இவ்வாறே இணைப்பால் அமைவது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பெண்ணுக்கு 18 வயதும் ஆணுக்கு 21 வயதும் நிரம்புமுன் மணம் செய்வித்தல் ஆகாது. ஆயினும், சட்டத்திற்குத் தானே காணும் கண் இல்லை. பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி திடீரெனப் பள்ளிக்கு வாராது நின்றுவிடுகிறாள். அவள் வீட்டு வாயிலில் பந்தற்கால் நடப்படுகிறது. இதனை முதலில் அறிவோர் அண்டை வீட்டாரும் ஆசிரியரும் உடன் பயிலும் தோழியருமே. அவர்களிடம் கண் உண்டு, அதிகாரம் இல்லை. அரசிடம் அதிகாரம் உண்டு. ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் கண் இல்லை. இரண்டும் இணைந்தாலன்றி அச்சிறுமிக்குக் காப்பு ஏது?

இவ்விணைப்புக்குச் சான்றாக விளங்குவது 1098 என்னும் தொலைபேசி எண். 1996-ஆம் ஆண்டு மும்பையில், டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் முயற்சியாக இப்பணி தொடங்கிற்று. பின்னர், அரசின் பொருளுதவியுடன் தொண்டு நிறுவனங்கள் பல இதனை நாடெங்கும் நடத்தின. 2023 முதல் அரசுகளே இதனை நேரடியாக ஏற்று நடத்தத் தொடங்கின. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி இவ்வெண்ணில் செய்தி கூறலாம்.

காப்பு நாடும் குழந்தை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழுவின்முன் கொண்டுவரப்பெறல் வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் விதி. தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட அக்குழு, குழந்தைக்கு எது நன்மை என்பதை ஆராய்ந்து முடிவு செய்யும்.

ஊர்தோறும் காவல் வேண்டும் அன்றோ? 2009-இல் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் அதற்கும் வழி செய்தது. ஊராட்சித் தலைவர் தலைமையில், ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், ஊர்ப் பெரியோர் ஆகியோர் கூடிய குழு ஒன்றை அது வகுத்தது. அதில் குழந்தைகளின் சார்பாக இருவரும் இடம்பெறுவர். செஞ்சியைச் சூழ்ந்த சிற்றூர்ச் சிறுவர் சிறுமியர்க்கும் அவ்விடம் உரியது.

நெடுமதிலில் ஒரு கல் பெயர்ந்தாலும் பகை நுழைய வழியாகும். குழந்தைக்கு நேரும் தீங்கைக் கண்டும் வாய் திறவாது செல்பவர் அத்தகைய பெயர்ந்த கல்லாவர். உரிய காலத்தில் சொல்லப்பெறும் ஒரு சொல், அச்சிறுமியை மீண்டும் பள்ளிக்கு அழைத்து வரும்.